மூன்றாவது கை

என் மனைவி ராஜராஜேஸ்வரியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி அவள் பள்ளியின் தலைமையாசிரியர் நேசையா சார் கேட்டார். பள்ளி ஆண்டு மலருக்காம். "வீட்டுல டீச்சர் எப்படின்னு நீங்கதான் சொல்லணும், கணேஷ்ராம். சுருக்கமா, நல்லதா எழுதுங்க" என்றார். நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக எழுத்தர். ஊரார் பத்திரங்களில் சொல்லியிருப்பதெல்லாம் சரியா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. நல்லதாக எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் எழுத உட்கார்ந்த பத்தாவது நிமிடமே இது மலருக்கு ஆகாது என்று தெரிந்துவிட்டது. நிறுத்தவும் முடியவில்லை.

ராஜிக்கு உட்காரத் தெரியாது. நின்றுகொண்டே சாப்பிடுவாள். நடந்துகொண்டே விடைத்தாள் திருத்துவாள். வானத்தில் ஒரு கருப்பு தெரிந்தால் போதும், வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடை ஆரம்பித்துவிடும். நான் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற மாதிரி அவள் அணை மட்டம் பார்ப்பாள். காலையில் காபியோடு, "பாபநாசம் நூத்திமுப்பத்தாறு, மணிமுத்தாறு தொண்ணூத்தெட்டு" என்று சொல்லிவிட்டுத்தான் டம்ளரை வைப்பாள். அதற்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்? "சர்க்கரை கொஞ்சம் கம்மி" என்பேன். முறைத்துவிட்டுப் போய்விடுவாள்.

எப்போதும் இப்படி இருந்தவள் இல்லை. அம்பாசமுத்திரத்தில் பிறந்தவள், புவியியல் படித்தவள், ஆற்றுக்கு அந்தக் கரையில் ஓர் உதவிபெறும் பள்ளியில் பதினெட்டு வருடமாகச் சமூக அறிவியல் ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு உண்ட கையோடு பாயை விரித்தால் நாலரை மணிக்குத்தான் எழுந்திருப்பாள். அந்தத் தூக்கத்தை நான் கேலி பண்ணியதுண்டு. இப்போது அதைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. அந்தத் தூக்கத்தைக் கெடுத்தது நான்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். மற்ற ஊர்களில் வெள்ளம் வரும். எங்கள் திருநெல்வேலியில் நாங்கள் வெள்ளம் பார்ப்போம். ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்று காதில் விழுந்தால் போதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆத்துப் பாலத்துக்குக் கிளம்பிவிடுவோம். தேர் பார்க்கப் போகிற மாதிரிதான், பெண்டாட்டி பிள்ளைகளோடு. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு ஒருவர், "தொண்ணூத்திரண்டுல இதைவிட ஜாஸ்தி வே" என்று 1992 வெள்ளக் கதையை ஆரம்பிப்பார். இன்னொருவர் இல்லை என்பார். ஆற்றுக்குள்ளேயே இருக்கிற குறுக்குத்துறை முருகன் கோயிலின் மண்டபம் மூழ்கிவிட்டதா என்பதுதான் எங்களுக்கு அளவுகோல். மூழ்கப் போகிறது என்று தெரிந்தாலே உற்சவரைக் கரைமேல் இருக்கிற மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சாமி மேலே ஏறின செய்தி கிடைத்ததும் நாங்கள் கீழே இறங்குவோம். இதில் தப்பு ஒன்று இருப்பதாக எனக்கு நாற்பத்தெட்டு வயது வரை தோன்றவே இல்லை.

2023, மார்கழி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாளிலிருந்து விடாத மழை. மத்தியானம் மூன்று மணிக்கு நான் குடையை எடுத்தேன். எங்கள் மகள் பிருந்தாவுக்கு அப்போது ஒன்பது வயது. அவளும் செருப்பை மாட்டினாள்.

"பிள்ளையை எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க?" என்றாள் ராஜி.

"நீ பாடமா நடத்துத. நான் நேர்ல காட்டுதேன். பத்து நிமிஷத்துல வந்துருவோம்."

இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எப்படிச் சொன்னாலும் முட்டாள்தனமாகத்தான் கேட்கிறது.

பாலத்தில் நிற்க இடமில்லை, அவ்வளவு கூட்டம். வலது கையில் குடை, இடது கையில் பிருந்தாவின் கை. ஆறு செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு போனது. குலையோடு வாழைகள், ஒரு கூரை, ஒரு பீரோ எல்லாம் போயின. அப்படி ஓர் ஆற்றை நான் பார்த்ததில்லை. உடனே அதைப் படம் பிடிக்க வேண்டும் என்று இருந்தது. "ஏட்டி, அப்பா சட்டையப் பிடிச்சுக்கோ, இங்கனயே நில்லு" என்று சொல்லிவிட்டு அவள் கையை விட்டேன். போனை எடுத்தேன். ஒரே ஒரு படம். எடுத்ததோடு விட்டேனா? அங்கேயே நின்று, "92ஐ மிஞ்சிட்டு" என்று எழுதி, குடும்பக் குழுவுக்கு அனுப்பினேன். மணி மூன்று நாற்பத்திரண்டு. அப்போது போலீஸ் விசில் ஊதியது. பாலத்தைக் காலி பண்ணச் சொல்லிக் கூட்டத்தில் பாதியை இந்தப் பக்கமும் பாதியை அந்தப் பக்கமும் தள்ளினார்கள். குனிந்து பார்த்தேன். சட்டையைப் பிடித்துக்கொண்டு யாரும் இல்லை.

இருபத்தாறு மணி நேரம் பிருந்தாவைக் காணவில்லை. அக்கரைக்குப் போக வழியில்லை, மின்சாரமில்லை, போன் கோபுரங்கள் செத்துவிட்டன. ராஜி முழங்கால் தண்ணீரில் இறங்கி, இந்தக் கரையில் ஜனங்களைத் தங்கவைத்திருந்த கல்யாண மண்டபம் ஒவ்வொன்றிலும் போய்ப் பார்த்தாள். நான் பின்னாலேயே போனேன். மறுநாள் சாயங்காலம் பாலத்தைத் திறந்துவிட்ட பிறகு, ஆறு மணிக்கு, மேலப்பாளையத்துக் கமர் நிஷா என்கிற அம்மாள் பிருந்தாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் தெருவில் வந்து நின்றார். அக்கரைக்குத் தள்ளப்பட்ட கூட்டத்தில் இவள் விளக்குக் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். "ராத்திரி பூரா பிள்ள என் சேலத் தலைப்ப விடல. விட்டா நானும் போயிருவேன்னு பயம்" என்றார் அந்த அம்மாள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

முந்தின நாள் நான் தனியாக வீடு திரும்பி விஷயத்தைச் சொன்னபோது ராஜி கத்தவில்லை. "எந்தக் கை?" என்று மட்டும் கேட்டாள்.

"இடது கை. கெட்டியாத்தான் பிடிச்சிருந்தேன். கூட்டம் இடிச்சுது. நழுவிட்டு."

அதுதான் நான் சொன்ன பொய். அந்தப் படத்தை அன்றைக்கே என் போனிலிருந்து அழித்தேன். கூட்டம் இடித்ததைச் சொந்தக்காரர்களிடம், அலுவலகத்தில், கமர் நிஷாவிடம்கூடச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்த மாதிரி ஆகிவிட்டது. பிருந்தா எதுவும் சொல்லவில்லை. யாராவது கேட்டால் "கூட்டம்" என்பாள். ஒரே ஒரு வார்த்தை. எனக்காகத்தான் சொல்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசும்.

ராஜியின் நடை அன்றைக்கு ஆரம்பித்தது. நிற்கவே இல்லை.

போன வருடம், 2025 ஜூனில், ஓர் அறக்கட்டளை அவள் பள்ளிக்குப் பத்துக் கருவிகள் கொடுத்தது. முகத்தில் மாட்டிக்கொண்டால் கண் முன்னால் வேறொரு உலகம் இருக்கும். கழுத்தைத் திருப்பினால் அந்த உலகமும் திரும்பும். இரண்டு கைக்கும் இரண்டு பிடிகள். புத்தகத்தில் இதற்கு மெய்நிகர் உண்மை என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர் மூஞ்சிப்பெட்டி. இயற்கைப் பேரிடர்களைப் பற்றி அதில் நாலு பாடங்கள் இருந்தன. முதல் வாரத்திலேயே எட்டாம் வகுப்பு முழுவதும் எரிமலையிலிருந்து தப்பிக்கத் தயாராகிவிட்டது. எங்கள் மாவட்டத்தில் அதற்கு வாய்ப்பு எப்போது வரும் என்று நான் கேட்டேன். ராஜி சிரிக்கவில்லை.

வெள்ளப் பாடத்தில் எங்கேயோ ஒரு வெளிநாட்டு ஊர், சரிவுக் கூரை வீடுகள், நடுவே ஓர் ஆறு. தண்ணீர் ஏறும். "உயரமான இடத்திற்குச் செல்லவும்" என்று ஒரு பெண் குரல் சுத்தத் தமிழில் சொல்லும். நாற்பது பிள்ளைகளில் முப்பத்தேழு பேர் நேரே ஆற்றங்கரைக்குப் போனார்கள். "தவறான முடிவு. மீண்டும் முயலவும்" என்று திரையில் வந்தது. மீண்டும் முயன்றார்கள், மீண்டும் ஆற்றங்கரைக்கே போனார்கள். பாடத்தைத் தயாரித்த கம்பெனிக்காரர் போனில், பிள்ளைகளுக்குக் கட்டளை புரியவில்லை போலிருக்கிறது என்றார்.

"நல்லாப் புரிஞ்சிருக்கு. உங்களுக்குத்தான் எங்க ஊரு புரியல" என்று ராஜி போனை வைத்தாளாம்.

வகுப்பில் விஜயஸ்ரீ என்கிற பெண் எழுந்து, "டீச்சர், வெள்ளம் வந்தா போய்ப் பாக்க வேண்டாமா?" என்று கேட்டிருக்கிறாள். சாயங்காலம் அதை என்னிடம் சொல்லிவிட்டு ராஜி என் முகத்தையே பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பாடத்தை மாற்றித் தரக் கேட்டதற்கு அடுத்த கல்வியாண்டில் பார்க்கலாம் என்றார்கள். "மழை ஐப்பசியில வரும். அடுத்த கல்வியாண்டுலயா வரும்?" என்று நாலு நாள் வீட்டில் அதே பேச்சு. ஐந்தாம் நாள் தானே செய்துவிடுவது என்று முடிவெடுத்தாள். பள்ளிக் கணினி ஆசிரியை ஃபஹ்மிதா துணைக்கு வந்தாள். இருபத்தாறு வயதுப் பெண். விளையாட்டுகள் தயாரிக்கிற இலவச மென்பொருளில் கைப்பழக்கம் உள்ளவள்.

முதலில் சின்னதாக ஒன்று செய்தார்கள். டேப்லெட்டை வகுப்பறைச் சுவருக்கு நேரே பிடித்தால் அதே வகுப்பறைக்குள் தண்ணீர் ஏறுவது திரையில் தெரியும். சுவரில் போன வெள்ளத்தின் கறை இன்னும் இருக்கிறது, அந்தக் கோடு வரை ஏறி நிற்கும். ஒருவன் பயந்து பெஞ்சுமேல் ஏறினானாம். ஆனால் முடிந்ததும் எல்லோரும், "சூப்பரா இருக்கு டீச்சர், இன்னொரு தடவ காட்டுங்க" என்று வரிசையில் நின்றுவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ராஜி பையை எறிந்தாள். "வேடிக்கை பாக்கக் கூடாதுன்னு சொல்லிக் கொடுக்கப் போனா, அதையும் வேடிக்கை பாக்குதுங்க. குறுக்குத்துறைச் சாமியே மேல ஏறிப் போயாச்சு, இதுங்க என்னத்துக்குக் கீழ இறங்குது? வேடிக்கை பாக்கப் போனா எது போகும்னு காட்டணும்."

"தண்ணில முங்கிச் சாகுற மாதிரிக் காட்டேன்" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"விளையாட்டுல சாகுறது இதுங்களுக்குச் சாதாரணம். மறுபடி பொத்தானை அமுக்குவாங்க. சாக வேண்டாம். கூட வந்த பிள்ள காணாமப் போனாப் போதும்."

அந்த நிமிடத்திலிருந்து எனக்கும் உட்கார முடியவில்லை. அவள் கட்டப் போவது எந்தப் பாலம், எந்த நாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிருந்தாவைத் தவிர, அந்த நாளைப் பார்த்த சாட்சி வீட்டில் நான் ஒருவன்தான்.

கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவரிடம் நாலா பக்கமும் ஒரே நேரத்தில் பிடிக்கும் கேமரா இருந்தது. அவரைக் கெஞ்சிக் கூட்டிப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பாலத்தில் முப்பது பிள்ளைகளைக் குடையோடு நிற்கவைத்துப் பிடித்தார்கள். தண்ணீரை ஃபஹ்மிதா பிறகு கணினியில் ஏற்றினாள். கூட வருகிற சின்னப் பிள்ளையின் உருவம் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது, மஞ்சள் முடியும் நீலக் கண்ணுமாக. அதன் முடியைக் கருப்பாக்கி, இரட்டைச் சடை போட்டு, மழைக்கோட்டு மாட்டிவிடவே இரண்டு வாரம் ஆயிற்று. அதற்கிடையே வீட்டில் எனக்கு விசாரணை.

"நின்ன இடத்துக்கு நான்கெல்லை சொல்லுங்க. பத்திரத்துல எழுதுவீங்கள்ல, அது மாதிரி."

"மேற்கே சந்திப்புக்குப் போற வழி. கிழக்கே மூணாவது விளக்குக் கம்பம். தெற்கே கைப்பிடிச் சுவர். வடக்கே கூட்டம்."

"பிருந்தா எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"சுவருக்கும் உங்களுக்கும் நடுவுலயா, கூட்டத்துப் பக்கமா?"

நான் குளிக்கப் போனேன். குளித்துவிட்டு வந்தால், "எந்தப் பக்கம்னு கேட்டேனே" என்று துண்டோடு நிற்பாள். ஆடிப்போய்விட்டேன். அலுவலகத்தில் ஒரு பத்திரத்தில் கிழக்கையும் மேற்கையும் மாற்றி எழுதி, வாழ்க்கையில் முதல் தடவையாகத் திட்டு வாங்கினேன்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு காலை ஃபஹ்மிதா மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தாள். ராஜி பக்கத்தில் நின்றபடி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பிருந்தா டியூஷனுக்குப் போயிருந்தாள். நல்லவேளை.

"ஒரு சிக்கல் சார்" என்றாள் ஃபஹ்மிதா. "விஜயஸ்ரீயும் மத்தவங்களும் போன் வேணும்னு அடம் பிடிக்காங்க. போன் இல்லாம யாரு வெள்ளம் பாக்கப் போவான்னு கேக்காங்க. அதுவும் நியாயம்தான. ஆனா இதுல பிடி ரெண்டுதான். வலது பிடி குடை, இடது பிடி பிள்ளையோட கை. அமுக்கிட்டே இருந்தா பிடிச்சிருக்கோம்னு அர்த்தம். அப்போ போன் எந்தக் கையில வைக்கிறது? நீங்க அன்னைக்குப் படம் எடுத்தீங்களாமே. எப்படிச் சமாளிச்சீங்கன்னு சொன்னா அப்படியே வச்சிருவேன்."

அவள் கேட்டதில் உள்நோக்கமே இல்லை. கணக்குக்கு விடை தெரியாமல் கேட்கிற பிள்ளையின் முகம்தான் அவளுக்கு.

"அது... கூட்டம் இடிக்கதுக்கு முன்னாலயே எடுத்து, பையில வச்சுட்டேன்" என்றேன்.

"சரி சார். அப்ப எடுக்கும்போது எந்தக் கையால எடுத்தீங்க?"

குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன் என்று சொல்லலாமா? அந்த மழையில் விரித்த குடையைக் கக்கத்தில் எப்படி இடுக்குவது? அவரைக்காய் நறுக்கும் சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

ராஜி தலை நிமிராமல் சொன்னாள்: "சார் யோசிச்சுச் சொல்லுவாங்க. அவசரம் இல்ல ஃபஹ்மிதா. பிள்ளைங்க எதை வேணாலும் விட்டுட்டு எடுக்கட்டும். ஏதாவது ஒரு கையை விட்டாத்தான் போன் வரும்னு வச்சிரு."

அப்படியே வைத்தார்கள். அக்டோபரில் எட்டாம் வகுப்புக்கு முதல் தடவை போட்டுக் காட்டினாள். அன்று சாயங்காலம் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் எனக்குக் கணக்கு சொன்னாள். நாற்பது பேரில் இரண்டு பேர் போனையே எடுக்கவில்லை. நாலு பேர் குடையை விட்டார்கள். முப்பத்திநாலு பேர் பிள்ளையின் கையை விட்டார்கள். படம் எடுத்து முடித்துத் திரும்பினால் பக்கத்தில் பிள்ளை இருக்காது. குரல் கிடையாது, தவறான முடிவு என்று அறிவிப்பும் கிடையாது. கூட்டம் மட்டும் இருக்கும். தேடிக்கொண்டே இருக்கலாம்.

"இன்னொரு தடவ காட்டுங்கன்னு யாராவது கேட்டாங்களா?" என்றேன்.

"ஒருத்தரும் கேக்கல. விஜயஸ்ரீ பெட்டியைக் கழத்தி வச்சுட்டு, எங்கிட்டச் சொல்லாமக்கூட நேரா ஆறாம் வகுப்புக்குப் போயிட்டா. அவ தம்பி அங்கன இருக்கானான்னு பாத்துட்டு வந்தா."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் வாசலிலேயே நின்றேன். முப்பத்திநாலு பேரோடு நானும் ஒருவன் என்று சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. சொல்லவில்லை. நேசையா சார் பாராட்டியதைப் பற்றிக் கேட்டேன். மேலும் மூன்று பள்ளிகளில் கேட்கிறார்கள் என்றாள். புன்னக்காயலில் இருந்துகூட ஓர் ஆசிரியர் பேசினாராம், ஆறு கடலில் சேர்கிற இடத்துக்கும் ஒன்று செய்து தர முடியுமா என்று. எல்லோரும் என்னைப் பார்த்து, "டீச்சர் சாதிச்சுட்டாங்க அண்ணாச்சி" என்றார்கள். ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். என்னைப் போட்டுப் பார்க்கச் சொன்னபோதெல்லாம் தலை சுற்றும் என்று தட்டிக்கழித்தேன்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை. சிவப்பு எச்சரிக்கை, பள்ளிகளுக்கு விடுமுறை. பத்திரம் பதிய ஓர் ஆள்கூட வராததால் நானும் மத்தியானமே வீடு வந்துவிட்டேன். ராஜி நடந்துகொண்டிருந்தாள். பிருந்தா மாடி அறையில் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று குரல் கொடுத்தார்: "கணேஷ்ராம், வரலையாவே? மண்டபம் மூழ்கிட்டாம்."

சொன்னால் வெட்கம், என் கால் தானாகச் செருப்பைத் தேடியது. இத்தனை நடந்த பிறகும்.

ராஜி அதைப் பார்த்துவிட்டாள். "போகணுமா?"

"சும்மா ஒரு எட்டு..."

"இங்கனயே பாருங்க" என்றாள். பள்ளியிலிருந்து ஒரு மூஞ்சிப்பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். தலை சுற்றல் கதையைச் சொல்ல அன்று எனக்குத் தெம்பில்லை. மாட்டிக்கொண்டேன். அவள் இரண்டு பிடிகளையும் என் கையில் வைத்து, எங்கே அமுக்க வேண்டும் என்று காட்டினாள்.

பாலத்தில் நின்றேன். மூன்றாவது விளக்குக் கம்பம் இருந்தது. மழைச் சத்தம் உள்ளே கேட்டதா வெளியே கேட்டதா தெரியவில்லை. வலது கையில் குடை. இடது பக்கம் குனிந்தால் மழைக்கோட்டும் இரட்டைச் சடையுமாக ஒரு பிள்ளை. கை தொட்டது தெரியாது, ஆனால் பிள்ளை இழுத்தால் பிடி லேசாக அதிரும். "அங்கன பாருங்க, வாழக்குலை போகுது" என்றது அது. பிருந்தாவின் குரல். ராஜி அவளையே பேசவைத்துப் பதிந்திருக்கிறாள். இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை.

தண்ணீர் ஏறியது. பையில் போன் மின்னியது. நான் அதைத் தொடவில்லை. ஆற்றையும் பார்க்கவில்லை. குனிந்து அந்தச் சடையையே பார்த்துக்கொண்டு நின்றேன். விசில் ஊதியது, கூட்டம் நாலா பக்கமும் இடித்தது. அமுக்கிய விரல் வலித்தது. விடவில்லை. கடைசியில் கூட்டம் விலகி, பாலத்தின் கோடியில் நானும் அந்தப் பிள்ளையும் நின்றோம். பாடம் முடிந்தது.

கழற்றினேன். முகமெல்லாம் ஈரம். மடிக்கணினியில் நான் செய்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ராஜி, "நல்லாப் பிடிச்சிருந்தீங்க" என்றாள்.

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை.

"ராஜி, அன்னைக்கு நழுவல. நான்தான் விட்டேன். போட்டோ எடுக்க விட்டேன்."

அவள் மடிக்கணினியை மூடினாள். "தெரியும்" என்றாள்.

தன் போனை எடுத்து, குடும்பக் குழுவில் பின்னால் பின்னால் போய், ஒரு படத்தை எடுத்து என் முன் நீட்டினாள். நான் என் போனில் அழித்த படம். பதினாறு பேர் போனில் அது பத்திரமாக இருந்திருக்கிறது. ஒரு பத்திரத்துக்கு எத்தனை நகல் உண்டு என்று ஊருக்குச் சொல்கிறவன் நான். படத்தில் ஆறு, வாழைகள், மேல் மூலையில் கருப்பாகக் குடையின் ஓரம், ஒரு கம்பியின் நுனி.

"குடை ஒரு கையில. போன் ஒரு கையில. மூணாவது கை உங்களுக்கு ஏது?"

"எப்போ தெரியும்?"

"அன்னைக்கே. நீங்க வீட்டுக்கு வரதுக்கு முன்னாலயே இந்தப் படம் வந்துட்டு. பிள்ளையை விட்டுட்டுல்லா எடுத்திருக்காங்கன்னு நினைச்சேன். நினைச்சு முடிக்கதுக்குள்ள நீங்க தனியா வந்து நின்னீங்க."

"பிருந்தாகிட்டக் கேட்டியா?"

"கேக்கல. கேட்டா ஒண்ணு உங்களைக் காட்டிக் கொடுக்கணும், இல்ல எங்கிட்டப் பொய் சொல்லணும். ஒம்பது வயசுப் பிள்ளைக்கு அது என்னத்துக்கு?"

"எங்கிட்டயாவது கேட்டிருக்கலாமே."

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன். ரெண்டு வருஷம் ஆகும்னு நினைக்கல." பிறகு ஆற்றாமையோடு, என்னிடம் இல்லாமல் அந்தப் படத்திடம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்: "போட்டோ எடுக்கத் தோணினது தப்பில்ல. எல்லாருக்கும் தோணத்தான் செய்யும். குடையை விட்டிருக்கலாம். நனைஞ்சிருப்பீங்க, அவ்வளவுதான்."

அன்றும் அவள் உட்காரவில்லை. மணிமுத்தாற்றில் எவ்வளவு திறந்திருக்கிறார்கள் என்று பார்க்க எழுந்து போய்விட்டாள். நான் அங்கேயே இருந்தேன். எதிர்வீட்டுக்காரர் திரும்பி வந்து, தொண்ணூத்திரண்டு அளவுக்கு இல்லை என்று வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

நேசையா சாருக்கு வேறு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். விடாமுயற்சி, கடமையுணர்வு என்றெல்லாம் நன்றாகவே வந்திருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வாரம் பிருந்தாவை டியூஷனிலிருந்து கூட்டிவரப் போனேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. அவளுக்கு இப்போது பதினொன்று. கூடப் படிக்கிறவர்கள் பின்னால் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன்.

"குடை எங்கப்பா?"

"வீட்டுல."

கொஞ்ச தூரம் நடந்தோம். அவள் கையைப் பைய உருவிப் பார்த்தாள். "அப்பா, கைய விடுங்க. எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும்" என்றேன்.